விட்டுவிடச் சொன்ன படம்

“அந்தப் படத்தை விட்டுடு தம்பி. சாய்ஸ்ல வேற கேள்வி இருக்கும், அதை எழுதிக்கோ.”

ஆவடி பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் படித்த பார்வையற்ற மாணவர் ஒருவரிடம் நான் சொன்னது இது. அவருக்கு முன்பு என் வகுப்புக்கு வந்த பார்வையற்ற மாணவர்களிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் தலையாட்டிவிட்டு, “சரிங்க மேடம், தேங்க்ஸ் மேடம்” என்று போனார்கள். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு எனக்கு இருந்தது. அந்த நிறைவைத்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைக்குச் சிரமம் தராமல் பார்த்துக்கொண்டேன் என்று நம்பினேன். நான் காப்பாற்றிக்கொண்டது என்னைத்தான். அந்தப் படத்தை வாயால் விளக்க எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தை மறைக்க இரக்கம் வசதியாக இருந்தது.

ஆங்கில ஒலியியல் தாளில் வரும் உயிரொலி வரைபடம் அது. வவல் சார்ட் என்றால் மாணவர்களுக்குத் தெரியும். ஒரு சரிவகம், அதற்குள் சில கோடுகள், கோடுகளின் மேலும் இடையிலும் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் ஒலிக்குறி. நாம் பாடமாக வைத்திருக்கும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தின் 44 ஒலிகளில் 20 உயிர்கள். அவற்றில் 12 தனி உயிர்கள் புள்ளிகளாக உட்காரும். மீதி 8 ஈருயிர்கள் அம்புக்குறிகளாக ஓடும். கரும்பலகையில் இதை வரைந்துவிட்டு, “இது இங்க வரும், இது இதுக்குக் கொஞ்சம் கீழே, இது நடுவுல” என்று சாக்பீஸால் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டே போவேன். முதல் பெஞ்சில் இருந்த அவருக்கு அந்த வகுப்பு முழுக்கக் கிடைத்தவை ‘இங்க’, ‘இது’, ‘அங்க’ என்ற சொற்களும், பலகையில் சாக்பீஸ் படும் சத்தமும்தான்.

அவர் கேட்காமல் இல்லை. வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்து, “மேடம், அது என்ன ஷேப், அதுல எது எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் புரிஞ்சுக்கறேன்” என்றார். அப்போதுதான் விட்டுவிடச் சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன்: “இந்தக் குறியெல்லாம் பிரெயில்ல கிடையாதுப்பா.” நான் செய்ததில் இதுதான் பெரிய தவறு. எனக்குத் தெரியாத ஒன்றை, உலகத்திலேயே இல்லாதது என்று சொல்லிவிட்டேன். ஆசிரியர் சொல்வதை மாணவர் நம்புவார். அவர் நம்பினார்.

ஆனால் சர்வதேச ஒலிக்குறிகளுக்குப் பிரெயில் வடிவம் 1934-லேயே வந்துவிட்டது. மெரிக், பொட்ஹாஃப் என்ற இருவர் உருவாக்கி லண்டனில் வெளியானது. பின்னால் ஒலிக்குறிகள் மாறவும் கூடவும் செய்ததால் அந்தப் பிரெயில் முறை பின்தங்கிப் போனது. அதைத் திருத்திப் புதுப்பித்து 2008-ல் வெளியிட்டவர் ராபர்ட் எங்கிள்பிரெட்சன். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியர், அவரே பார்வையற்றவர். ஒலியியலைப் பார்வையில்லாதவர்கள் தாண்டிப் போக வேண்டிய பாடமாக நான் நினைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அப்படிப்பட்ட ஒருவர் மொழியியலையே தொழிலாகக் கொண்டு, அதற்கான எழுத்தையும் செப்பனிட்டிருக்கிறார். கைபேசியில் தேடியிருந்தால் போதும், கிடைத்திருக்கும். நான் தேடவில்லை.

அமெரிக்கா வரை போக வேண்டாம். பூந்தமல்லி எங்களுக்கு எவ்வளவு தூரம்? ஆவடியில் பஸ் ஏறினால் பருத்திப்பட்டு தாண்டி, கரையான்சாவடி வந்தால் பூந்தமல்லி. அங்கே ட்ரங்க் ரோட்டில், டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் 1988 முதல் இருக்கிறது. பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும் அதே ஊரில்தான். என்னிடம் வந்த மாணவர்களில் சிலர் அந்தப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்கள். சொந்த வேலையாக அந்த வழியே எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒரு தடவையாவது உள்ளே போய், “எங்க பிள்ளை தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு படம் வேணும், எப்படிப் பண்றதுன்னு சொல்லித் தர்றீங்களா?” என்று கேட்டதில்லை. நேரமில்லை என்று சொல்ல முடியாது. தோன்றவே இல்லை. விட்டுவிடச் சொல்லியாகிவிட்டதே, அதோடு என் பொறுப்பு முடிந்துவிட்டது என்று இருந்தேன்.

சலுகையைப் பற்றி ஒரு வார்த்தை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதற்குப் பின் வந்த தேர்வு நெறிமுறைகளும் அவர்களுக்குச் சில உரிமைகளைத் தந்திருக்கின்றன. சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள், ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் என்று. படம் வரையும் கேள்விக்கு மாற்றுக் கேள்வி தருவதும் வழக்கத்தில் இருக்கிறது. இவையெல்லாம் போராடிப் பெற்றவை. ஒன்றைக்கூடக் குறைக்கக் கூடாது. பார்வையில்லாதவரைப் படம் வரையச் சொல்லாமலிருப்பது நியாயம்தான். ஆனால் தேர்வு அறைக்கென்று வந்த அந்த ஏற்பாட்டை நான் வகுப்பறைக்குள் இழுத்துவந்து, படம் சொல்லும் விஷயத்தையே அவருக்குத் தராமல் விட்டேன். போதாததற்கு, அந்த யூனிட்டுக்கு இன்டர்னல் மார்க்கைத் தாராளமாகப் போட்டேன். கற்றுக்கொடுக்காத பாடத்துக்கு மார்க் கொடுத்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

எனக்கு ஏன் விளக்கத் தெரியவில்லை? நான் படித்தபோது இந்தப் படத்தை மனப்பாடம் செய்து வரைந்தேன். ஸ்கேல் வைத்து அழகாக வரைவேன், நல்ல மார்க் வரும். எந்தக் கோடு வாயில் எதைக் குறிக்கிறது என்று என்னை யாரும் கேட்டதில்லை. நானும் என் மாணவர்களைக் கேட்டதில்லை. கண்ணுள்ள பிள்ளைகளும் வரைந்து மார்க் வாங்கினார்களே தவிர, அவர்களுக்கும் அது புரிந்திருக்க வாய்ப்பில்லை. இந்த ஓட்டை பல வருடம் யார் கண்ணிலும் படவில்லை. சொல்லால் விளக்கியாக வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றபோதுதான் வெளியே வந்திருக்க வேண்டும். அவரையும் நான் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன்.

பட்டம் முடிந்து, எம்.ஏ.வும் பி.எட்.டும் முடித்து, முதுகலை ஆசிரியர் பணித் தேர்வுக்குப் படிக்கும்போது அவரே போன் செய்தார். “க்ளோஸ் ஃப்ரண்ட், ஓப்பன் பேக்குன்னு லிஸ்ட்டா மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன் மேடம். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டா குழம்பிடுது. அந்தப் படம் தெரிஞ்சா சரியாயிடும்னு நினைக்கிறேன்.” குரலில் குறை சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லை. பட்டாபிராம், இந்துக் கல்லூரி, ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர் என்று ஸ்டேஷன் பெயர்களை மட்டும் ஒப்பிக்க வைத்து, எது எதற்குப் பக்கம், எந்தத் திசையில் என்று சொல்லாமல் ஒருவரை ரயிலேற்றி விட்டது போலத்தான் நான் அவரை அனுப்பியிருந்தேன்.

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போனிலேயே ஆரம்பித்தேன். “ஒரு சரிவகம். இடது பக்கம் மேல் மூலையில ஈ. வலது பக்கம் மேல் மூலையில ஊ…”

“ஒரு நிமிஷம் மேடம். அந்த முகம் எந்தப் பக்கம் பார்த்திருக்கு?”

“எந்த முகம்?”

“இது நாக்கோட படம்தானே? அப்போ அந்த வாய்க்கு ஒரு முகம் இருக்கணுமில்ல. உதடு எந்தப் பக்கம், தொண்டை எந்தப் பக்கம்?”

என்னிடம் பதில் இல்லை. ‘முன்’, ‘பின்’ என்று பலகையில் எத்தனையோ முறை எழுதியவள், எதற்கு முன், எதற்குப் பின் என்று யோசித்ததே இல்லை. பிறகு பார்த்துச் சொன்னேன்: முகம் இடது பக்கம் பார்த்திருக்கிறது. இடது ஓரம் உதட்டுப் பக்கம், வலது ஓரம் தொண்டைப் பக்கம். மேல் கோடு அண்ணத்தின் பக்கம், கீழ்க் கோடு தாடை நன்றாக இறங்கிய நிலை. ஒவ்வொரு புள்ளியும், அந்த உயிரைச் சொல்லும்போது நாக்கின் எந்த இடம் மிக உயர்ந்து நிற்கிறதோ அந்த இடம். இந்த நாலு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆனது.

அதற்குப் பிறகுதான் நானே படிக்க உட்கார்ந்தேன். நாம் பயன்படுத்தும் வடிவம் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருந்த டேனியல் ஜோன்ஸுடையது. நாக்கின் மேல் ஈயத் துண்டுகள் கோத்த மெல்லிய சங்கிலியை வைத்து எக்ஸ்ரே எடுத்த படங்களை அவர் 1917-ல் வெளியிட்டார். சரிவகத்துக்கு ஒரு கணக்கு உண்டு: கீழ்க் கோடு 2 பங்கு என்றால், தொண்டைப் பக்கத்து நேர்கோடு 3 பங்கு, மேல் கோடு 4 பங்கு. உதட்டுப் பக்கத்துக் கோடுதான் சாய்வு. கீழே ஏன் குறுகுகிறது என்றால், வாய் அகலத் திறந்து நாக்கு தாழும்போது முன்னும் பின்னும் நகர அதற்கு இடம் குறைவு. இந்தக் காரணத்தை அறியாமலேயே நான் அந்தச் சாய்கோட்டை வரைந்துகொண்டிருந்தேன். அதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. அடிப்படை உயிரொலிகளை அச்சிட்ட விளக்கத்தை மட்டும் படித்துக் கற்க முடியாது, தெரிந்தவர் சொல்லக் கேட்டுத்தான் கற்க வேண்டும் என்பது ஜோன்ஸின் உறுதியான கருத்து. அதற்காகவே கிராமபோன் தட்டுகளில் தன் குரலைப் பதிந்து கொடுத்தார். 1956-ல் பதிந்தது இன்றும் கேட்கக் கிடைக்கிறது. காதால் கற்கும்படி உண்டான பாடத்தை, காதையே நம்பிப் படிக்கும் ஒருவரிடம் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

அவரை வரச் சொன்னேன். பிரெயில் எழுதும் தடித்த தாளை ரப்பர் ஷீட்டின் மேல் வைத்து, தையற்காரர்கள் துணியில் குறியிடும் பல் சக்கரத்தால் கோடுகளை உருட்டினேன். மேல் கோடு 20 சென்டிமீட்டர், நேர்கோடு 15, கீழ்க் கோடு 10. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. பெருமையோடு அவர் கையில் கொடுத்தேன். விரல்களை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, “மேடம், உங்க ஆள் வலது பக்கம் பார்க்கிறாரே” என்றார். புடைப்பு தாளின் மறுபக்கத்தில்தானே வரும். நான் பார்த்து வரைந்தது திருப்பியதும் இடவலம் மாறிவிட்டது. ஸ்லேட்டில் ஸ்டைலஸ் வைத்து வலமிருந்து இடமாகக் குத்தி, திருப்பி இடமிருந்து வலமாக வாசித்தே வளர்ந்தவருக்கு அது தொட்டவுடன் தெரிந்தது. இரண்டாவது தாளை அவர் சொன்னபடி கண்ணாடி பிம்பமாக உருட்டினேன். புள்ளிகளுக்குப் பக்கத்தில் தமிழ்ப் பிரெயில் எழுத்துகளை அவரே குத்தினார்.

தாளைவிட அதிகம் கற்றுக்கொடுத்தது அவருடைய வாய். புறங்கையைத் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஈ, ஏ, ஆ என்று சொன்னால் தாடை படிப்படியாகக் கையை அழுத்திக்கொண்டு இறங்கும். அதுதான் படத்தின் உயரம். ஈ-யிலிருந்து ஊ-வுக்குக் குரலை விடாமல் இழுத்தால் நாக்கு பின்னே நகர்வது தெரியும். அதுதான் அகலம். இதைச் சொல்லி முடிக்கும் முன்பே அவர், “இது நன்னூல்ல வர்றதுதானே மேடம்?” என்றார். அ, ஆ வாய் திறப்பதால் பிறக்கும். இ, ஈ, எ, ஏ, ஐ அதோடு நாக்கின் விளிம்பு மேல்வாய்ப் பல்லைப் பொருந்தப் பிறக்கும். உ, ஊ, ஒ, ஓ, ஔ இதழ் குவியப் பிறக்கும். தொல்காப்பியப் பிறப்பியலிலும் இதே மூன்று பிரிவுதான். பள்ளியில் நானும் படித்தேன். கோடு, புள்ளி எதுவும் இல்லாமல் சரிவகத்தின் கீழ்ப்புறம், உதட்டுப் பக்கம், தொண்டைப் பக்கம் மூன்றையும் சொல்லால் சொல்லிவைத்த இலக்கணம் என் கையில் இருந்தும், படத்தைச் சொல்லால் விளக்க முடியாது என்று முடிவு கட்டியிருக்கிறேன்.

அவர் அங்கேயும் நிற்கவில்லை. உதட்டில் விரலை வைத்தபடி ‘பூ’ என்றார், ‘பாட்டு’ என்றார். “பூவுக்கு உதடு குவியுது. பாட்டு கடைசியில வர்ற உ-வுக்குக் குவியலையே?” குவியாதுதான். சொல்லின் ஈற்றில் வரும் குற்றியலுகரம் பேச்சில் உதடு குவியாமல், நாக்கு மட்டும் பின்னே உயர்ந்து ஒலிப்பது. அதற்குச் சர்வதேச ஒலிக்குறிகளில் தனிக் குறி உண்டு. அடுத்து, இலையை ஏன் எலை என்கிறோம், விலையை வெலை, உடம்பை ஒடம்பு, குடத்தைக் கொடம் என்கிறோம் என்று கேட்டுவிட்டு, விரலை இ-யில் வைத்து ஒரு படி இறக்கினார்: எ. உ-வில் வைத்து ஒரு படி இறக்கினார்: ஒ. அடுத்த அசையில் அ அல்லது ஐ வரும்போது, மேலே நின்ற நாக்கு ஒரு படி இறங்குகிறது. கொச்சை என்று நாம் ஒதுக்கும் பேச்சில் இரண்டு பக்கமும் ஒரே விதியாக நடக்கும் இறக்கம் அது. எனக்கு அது அன்றுதான் விரல் நுனியில் காட்டப்பட்டது.

அதன் பிறகு கிசுகிசு. குரல் எழுப்பாமல் மூச்சுக் காற்றால் மட்டும் ஈ, ஏ, ஆ, ஓ, ஊ என்று வரிசையாகச் சொன்னால், ஒலி மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போவது கேட்கும். மூச்சை அடக்கி, வாயை அதே வடிவங்களில் வைத்துத் தொண்டையை விரலால் சுண்டினால் வேறொரு ஒலி வரும். அது ஈ-யிலிருந்து ஆ-வரை ஏறி, ஊ-வரை இறங்கும். முதலாவது ஏறத்தாழப் படத்தின் அகலம், இரண்டாவது உயரம். பீட்டர்சனும் பார்னியும் 1952-ல் அமெரிக்க ஆண்களின் குரலை அளந்தபோது ஈ-க்கு 270, 2290. ஆ-வுக்கு 730, 1090. ஊ-வுக்கு 300, 870 ஹெர்ட்ஸ் என்று சராசரி வந்தது. ஒவ்வொரு ஜோடியிலும் முதல் எண் சுண்டும்போது கேட்பது, இரண்டாவது கிசுகிசுப்பில் கேட்பது. முதல் எண் குறையக் குறையப் படத்தில் மேலே, இரண்டாவது எண் கூடக் கூட உதட்டுப் பக்கம். இந்த மூன்று ஜோடியைச் சொன்னதும் மூன்று மூலைகளிலும் சரியாக விரல் வைத்தார். கிசுகிசுப்பில் நான் தயங்கித் தயங்கிக் கேட்ட வித்தியாசத்தை அவர் உடனே கேட்டுச் சொன்னார்.

மற்ற பழைய மாணவர்களில் எண் இருந்தவர்களை அழைத்து நடந்ததைச் சொன்னேன். ஒருவர் இப்போது அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். “உச்சரிப்புப் பகுதி வந்தா நான் தாண்டிடுவேன் மேடம், நமக்கு அது வராதுன்னு” என்றார். வராது என்று அவருக்குச் சொன்னது நான்தான். அவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடமும் நான் அப்படிச் சொன்னதாகத்தான் அர்த்தம். மன்னிப்புக் கேட்டேன். “அய்யோ, நீங்க போய்…” என்று பேச்சை மாற்றினார். பேச்சை மாற்றியதால் அது தீர்ந்துவிடவில்லை. இந்த விடுமுறையில் அவர் பள்ளிக்குத் தாளோடு போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

துறையில் இரண்டு பேருக்கு இது பிடிக்கவில்லை. மாற்றுக் கேள்விதான் இருக்கிறதே, எதற்குப் பிள்ளைகளைச் சிரமப்படுத்த வேண்டும் என்கிறார்கள். நேற்று வரை நான் சொன்ன அதே வார்த்தை என்பதால் அவர்களோடு சண்டை போட எனக்கு வாயில்லை. மாற்றுக் கேள்வி இருக்கட்டும் என்றேன். வகுப்பில் படத்தை வாயால் சொல்லாமல் யாரும் பலகையை அழிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். என் நோட்ஸ் எல்லாம் ஸ்கேன் செய்த பிடிஎஃப். திரைவாசிப்பான் அதைத் திறந்தால் வெற்றுப் பக்கம் போலத் தாண்டிப் போகிறது. அதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன், பாதிதான் முடிந்திருக்கிறது.

ஈருயிர்கள் இன்னும் சரியாக வரவில்லை. அம்புக்குறிகளுக்கு நூல் ஒட்டிப் பார்த்தோம். தொடங்கும் இடத்தில் பெரிய பொட்டு, முடியும் இடத்தில் சின்னப் பொட்டு. நடுப்புள்ளியை நோக்கி வரும் மூன்று நூல்களும் கூடும் இடத்தில் எல்லாம் ஒரே மேடாகிவிட்டது, விரலுக்கு எதுவும் பிரிந்து தெரியவில்லை. ஒரே தாளில் எட்டையும் திணிக்காமல் அந்த மூன்றுக்கும் தனித் தாள் போடலாம் என்கிறார் அவர். அதோடு, நாம் இங்கே ‘ஹியர்’, ‘டூர்’ என்று கடைசி எழுத்தை அழுத்திச் சொல்கிறோமே, நம் நாக்கு அந்த அம்பின் வழியே போகிறதா என்றும் கேட்கிறார். சனிக்கிழமை வரும்போது அவர் குரலையும் என் குரலையும் பதிந்து அளந்து பார்க்கப் போகிறோம்.